ஐம்பதைத் தாண்டிய பெண்ணிடமும் கேளுங்கள்

கண்டி மாவட்டத்தின் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கும், தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும், சுவநாரி கிளினிக்குகளில் பணிபுரியும் தாதியருக்கும் ஒரு திறந்த மடல்



கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய்களில், எண்ணிக்கையில் சிறியதும் உயிரிழப்பில் பெரியதுமான ஒரு வகையைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். சீரஸ் கார்சினோமா என்பது அதன் பெயர். கார்சினோசார்கோமா என்ற இன்னும் அரிதான வகையையும் அதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். இதைக் கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் நிபுணர்களுக்கோ எழுதியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். அவர்கள் அறியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த நோயில் ஒரு பெண் பிழைப்பாளா என்பது பெருமளவுக்கு, அவள் நிபுணரின் அறைக்குள் நுழையும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. முதல் இரத்தக் கசிவுக்கும் முதல் பரிசோதனைக்கும் இடையே எத்தனை மாதம் கழிந்தது என்பதில்தான் காரியம் இருக்கிறது. அந்த இடைவெளியில் அவளைச் சந்திக்கக்கூடியவர்கள் நீங்கள்தான். நான் சொல்ல வருவது இதுதான்: மாதவிடாய் நின்றுபோன பெண்ணிடமும் இரத்தக் கசிவைப் பற்றிக் கேளுங்கள். உண்டு என்று அவள் சொன்னால், வேறெந்தச் சோதனை முடிவைக் கண்டும் ஆறுதல் அடையாமல் அவளை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

கருப்பைப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் அதற்குள் குணத்தால் வேறுபட்ட நோய்கள் இருக்கின்றன. 1983இல் லெனின்கிராட்டைச் சேர்ந்த யான் போக்மன் என்ற வைத்தியர் அவற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். முதல் வகை ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனின் தூண்டுதலால் மெல்ல வளர்வது. உடற்பருமனோடும் நீரிழிவோடும் நெருங்கிய தொடர்புடையது. பெரும்பாலும் கருப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே பிடிபட்டு, அறுவைச் சிகிச்சையோடு குணமாகிவிடும். இரண்டாம் வகை வயது கூடியபின் வருவது. சுருங்கி மெலிந்துபோன உட்சுவரிலும் அது முளைக்கும். தசைக்குள் ஆழமாக இறங்காத நிலையிலேயே பலோப்பியன் குழாய் வழியாக வயிற்றறைக்குள் சிதறி, குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்தில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடும். சீரஸ் கார்சினோமா இந்த இரண்டாம் வகையின் முதன்மையான வடிவம். 2013இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் கருப்பைப் புற்றுநோய்களை மரபணு அடிப்படையில் நான்கு குழுக்களாக வகுத்தபோது, டிபி53 என்ற மரபணு பழுதடைந்த குழுவினரின் நிலையே மிக மோசமாக இருந்தது. சீரஸ் கட்டிகள் அநேகமாக எல்லாமே அந்தக் குழுவில்தான் விழுந்தன. அமெரிக்கப் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு தந்த கணக்கை மட்டும் மனதில் இருத்துங்கள்: கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களில் சீரஸ் வகை 10 வீதம், அந்தப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்களில் அதன் பங்கு 39 வீதம்.

இந்த அரிய வகை குறைந்து வருகிறதா, கூடி வருகிறதா? இதற்குத் தெளிவான விடை தரும் ஆய்வுகள் அமெரிக்காவிலிருந்தே வந்திருக்கின்றன. அங்கு கணக்கெடுத்தவர்கள் முதலில் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. வேறு காரணங்களுக்காகக் கருப்பை அகற்றப்பட்ட பெண்ணுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரவே முடியாது. அத்தகையவர்களையும் மொத்தப் பெண்களோடு சேர்த்து வகுத்தால், நோயின் வீதம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். அந்தப் பிழையைத் திருத்திப் பார்த்தபோது, 2000க்கும் 2015க்கும் இடையில் சீரஸ், கார்சினோசார்கோமா முதலிய தீவிர வகைகள் வருடத்துக்கு ஏறத்தாழ 2.9 வீதம் கூடியிருந்தன. சாதாரண வகை கூடவில்லை. 2010 முதல் 2017 வரையான மரணங்களை ஆராய்ந்த அடுத்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது: சாதாரண வகையால் நேரும் மரணம் நிலையாக நிற்க, தீவிர வகைகளால் நேரும் மரணம் வருடத்துக்கு 2.7 வீதம் ஏறியது. கறுப்பினப் பெண்கள் மற்றவர்களைப்போல் இரு மடங்கு வீதத்தில் இறந்தார்கள். நுண்ணோக்கிப் பரிசோதனை மேம்பட்டதால் முன்பு வேறு பெயரில் எழுதப்பட்டவை இன்று சீரஸ் என்று எழுதப்படுகின்றன, அதனால்தான் கூடியதுபோல் தெரிகிறது என்று சிலர் வாதிடுவார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பெயர் மாறியது மட்டுமே காரணம் என்றால், கருப்பைப் புற்றுநோயால் நேரும் மொத்த மரண வீதம் ஏறியிருக்கக் கூடாது. அதுவும் அங்கே ஏறித்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கணக்கு கண்டிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயமே. அந்த எண்களை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. ஆனால் இந்த நோய்க்கு வயதே முதன்மையான காரணி, அந்த வயதை நோக்கி நம் நாடு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2012ஆம் வருடக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 7.9 வீதம், 2024ஆம் வருட மதிப்பீட்டில் 12.6 வீதம். பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதால் அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மை பெண்களே. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பதிவேட்டில் கருப்பைப் புற்றுநோய் இலங்கைப் பெண்களைத் தாக்கும் முதல் பத்துப் புற்றுநோய்களுள் ஒன்றாக நிற்கிறது. 2000களின் தொடக்கத்திலிருந்து அதன் போக்கும் ஏறுமுகமே. பதிவேடுகளின் முதன்மை அட்டவணைகள் உடலின் எந்த இடத்தில் நோய் என்பதைச் சொல்பவை. இடத்தின் பெயரின் கீழ் மெல்ல வளரும் நோயும் விரைந்து கொல்லும் நோயும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. மொத்த எண்ணிக்கை ஏறும்போது அதற்குள் இருக்கும் சிறுபான்மைத் தீவிர வகை நம் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம்.

இனி உங்கள் பணிக்கு வருகிறேன். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட நாளிலிருந்து வளர்ந்து வந்த கட்டமைப்பு உங்களுடையது. வீடு வீடாகப் போய், பெயர் பெயராகப் பதிந்து, கர்ப்பிணியைக் கிளினிக்குக்கு வரவழைத்து, பிரசவத்தை வைத்தியசாலைக்கு மாற்றியதால்தான், 1940களில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு இன்று தெற்காசியாவில் முன்மாதிரியாக நிற்கிறது. அந்தச் சாதனையின் அடித்தளம் உங்கள் குடும்பப் பதிவேடு. ஆனால் அந்தப் பதிவேடு பிள்ளை பெறும் வயதை மையமாக வைத்து அமைந்தது. 1996இல் தொடங்கப்பட்ட சுவநாரி கிளினிக் திட்டமும் 35, 45 வயதுகளில் பெண்களை முக்கியமாக அழைக்கிறது. மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சீனி, பாப் பரிசோதனை எல்லாம் அங்கே நடக்கின்றன. பிறகு? ஐம்பதைத் தாண்டி, மாதவிடாய் நின்று, பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின், அந்தப் பெண் எந்தப் பட்டியலிலும் முன்னுரிமை பெறுவதில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்காக அவளைத் தேடிப்போன சுகாதாரத் துறை, அவளுக்காக மட்டும் அவளைத் தேடிப்போவது அரிதாகிவிடுகிறது. சீரஸ் கார்சினோமா வருவதோ பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும். நம் கவனம் விலகும் வயதில்தான் அந்த நோய் வந்து சேர்கிறது.

கவனம் விலகுவது ஒரு பக்கம் இருக்க, தவறான ஆறுதல்கள் இன்னொரு பக்கம் தடையாக நிற்கின்றன. முதலாவது பாப் பரிசோதனை தரும் ஆறுதல். கருப்பைக் கழுத்திலிருந்து எடுத்த செல்களைப் பார்த்து, அங்கே வரக்கூடிய புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதற்கான பரிசோதனை அது. கருப்பையின் உடற்பகுதியில் இருக்கும் நோயின் செல்கள் சில வேளை வழிந்து வந்து அதில் அகப்படலாம். பல வேளை அகப்படா. 2017இலிருந்து பாடசாலைச் சிறுமியருக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கே. இரண்டும் மிக நல்ல ஏற்பாடுகள், அவற்றை ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பத்து வருடத்துக்கு முன் பாப் எடுத்து நோர்மல் என்று வந்தது என்ற காரணத்தால், இன்று அறுபத்திரண்டு வயதில் இரத்தம் கசியும் பெண்ணைத் திருப்பி அனுப்பினால், ஒரு நோய்க்கான நற்சான்றைக் காட்டி இன்னொரு நோயை வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும். கருப்பை உடற்பகுதிப் புற்றுநோய்க்கு எல்லாப் பெண்களிடமும் செய்யத்தக்க முன்சோதனை எதுவும் உலகில் எங்கும் வழக்கத்தில் இல்லை. அறிகுறியே அதன் முன்னெச்சரிக்கை.

இரண்டாவது ஆறுதல் மெலிந்த உடல். கருப்பைப் புற்றுநோய் என்றால் பருத்த உடல், சீனி வியாதி, பிள்ளையில்லாமை என்று பாடப்புத்தகத்தில் படித்தது நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. முதல் வகைக்கு அது சரி. தீவிர வகையோடு உடற்பருமனுக்குள்ள தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல. தெல்தோட்டையிலோ மடுல்கலையிலோ முப்பது வருடம் கொழுந்து பறித்து, நாலைந்து பிள்ளை பெற்று, எலும்பும் தோலுமாய் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, இவருக்கு அந்த நோய் வர வாய்ப்பில்லை என்று முடிவு செய்தால், எந்த வகை அதிகமாகக் கொல்கிறதோ அதையே தவறவிடும் அபாயம் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காகத் தமொக்சிஃபென் மாத்திரை எடுத்தவர்களையும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கைப் பெண்களிடையே முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். அதிலிருந்து மீண்டு உங்கள் பகுதிகளில் வாழும் பெண்கள் பலர். மாதவிடாய் நின்றவர்களில் அந்த மாத்திரை கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, தீவிர வகைகளும் அதில் அடங்கும். மாத்திரை தரும் நன்மை அந்த ஆபத்தைவிடப் பெரிது. ஆகவே யாரும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு இரத்தம் கசிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பதே பொருள்.

மூன்றாவது ஆறுதல் ஸ்கேன். யோனி வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருப்பை உட்சுவரின் தடிப்பை அளக்கிறார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பது நெடுநாள் விதி. சாதாரண வகை உட்சுவரைத் தடிக்கச் செய்வதால் அந்த விதி அதற்குப் பொருந்துகிறது. மெலிந்த சுவரிலும் முளைக்கக்கூடிய சீரஸ் வகைக்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை. தீவிர வகைகள் அதிகம் காணப்படும் கறுப்பினப் பெண்களிடையே 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புற்றுநோய் உறுதியானவர்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பையே கொண்டிருந்தனர். இதனால் ஸ்கேன் பயனற்றது என்று ஆகிவிடாது. ஸ்கேன் சரியாக இருந்தது என்று வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு மறுபடியும் இரத்தம் கசிந்தால், திசு மாதிரி எடுத்தே தீர வேண்டும் என்று ஆகிறது. 2018இல் அமெரிக்க மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர் கல்லூரி தந்த வழிகாட்டலும் இதையே சொல்கிறது. ஸ்கேன் எடுத்தபின் அவளைத் திரும்பப் பார்க்கப்போகிறவர்கள் நீங்கள் என்பதால், இரண்டாம் முறை கசிந்ததா என்று கேட்க வேண்டியவர்களும் நீங்களே.

இந்த வேண்டுகோளுக்கு எழக்கூடிய மறுப்புகளை நானும் எண்ணிப் பார்த்தேன். முதல் மறுப்பு, வீண் பயத்தைக் கிளப்புகிறோம் என்பது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் கசியும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது, உண்மை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்கின்படி, அவர்களில் சுமார் 9 வீதத்தினருக்கே கருப்பைப் புற்றுநோய் இருந்தது. மற்றவர்களுக்குச் சுவர் மெலிவு, சதை வளர்ச்சி, மருந்தின் விளைவு என்று வேறு காரணங்கள். ஆனால் அதே தொகுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: கருப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் 90 வீதமளவானோருக்கு இரத்தக் கசிவு முன்னறிவிப்பாக வந்திருந்தது. பதினொரு பேரைப் பரிசோதித்தால் ஒருவருக்கு நோய் தெரியவரும் என்பது புற்றுநோய்த் துறையில் மிக அதிகமான விளைச்சல். மற்றப் பத்துப் பேருக்கும் இழப்பு எதுவுமில்லை. அவர்களுக்கும் கசிவின் காரணம் தெரிந்து சிகிச்சை கிடைக்கும். பயத்தை உண்டாக்குவது கேள்வி கேட்கும் விதம்தான். “இது பெரும்பாலும் பயப்படும்படியாக இருக்காது அம்மா, ஆனால் பார்த்தே ஆக வேண்டும்” என்று சொல்ல உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இவ்வளவு வேகமாகப் பரவும் நோயை ஒரு மாதம் முன்னே கண்டுபிடித்தால் என்ன, பின்னே கண்டுபிடித்தால் என்ன என்ற விரக்தி அது. சான்றுகள் அந்த விரக்தியை ஏற்கவில்லை. சீரஸ் வகையிலும் கருப்பைக்குள் அடங்கிய முதற்கட்டத்தில் பிடிபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து வருடத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். வயிற்றறைக்குள்ளோ அதற்கு அப்பாலோ பரவிய நான்காம் கட்டத்தில் அப்படி வாழ்பவர்கள் மிகச் சிலரே. சிகிச்சையும் முன்போல் கைவிரிக்கும் நிலையில் இல்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களையும், கதிர்வீச்சோடு கீமோதெரபியும் பெற்றவர்களையும் ஒப்பிட்ட போர்டெக்-3 என்ற பன்னாட்டுப் பரிசோதனையின் மரபணுப் பகுப்பாய்வு 2020இல் வெளிவந்தது. முன்பு சொன்ன டிபி53 மரபணுவின் புரதமான பி53 பழுதடைந்த கட்டி கொண்டவர்களில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 36 வீதத்தினர் ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் வாழ்ந்தனர். கீமோதெரபியும் பெற்றவர்களில் அது 59 வீதம். அங்கே பயன்பட்ட கார்போபிளாட்டின், பக்ளிடாக்சல் மருந்துகள் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. வானத்து விலை கொண்ட புதிய நோயெதிர்ப்பு மருந்துகள் கைக்கு எட்டாமல் இருக்கலாம். இவ்வளவு வேறுபாட்டைத் தரும் இந்த மருந்துகள் எட்டாதவை அல்ல. அவற்றைத் தாங்கும் உடல்நிலையோடு பெண் வந்து சேர வேண்டும்; அதற்குத்தான் காலம் முக்கியம்.

மூன்றாவது, உங்கள் தோளில் ஏற்கெனவே இருக்கும் பாரம். கர்ப்பிணிகள், குழந்தைகளின் நிறை, தடுப்பூசி, போஷாக்கு, டெங்கு, படிவங்கள் என்று முடிவில்லாத வேலை. பல பிரிவுகளில் ஒருவர் இருவரின் வேலையைப் பார்க்கிறார். இதை அறிந்தே கேட்கிறேன். புதிய கிளினிக் ஒன்றைத் தொடங்கச் சொல்லவில்லை. மருமகளின் குழந்தையைப் பார்க்க ஒரு வீட்டுக்கோ லயத்துக்கோ போகிறீர்கள். அங்கே மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். “உங்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா அம்மா? ஒரு சொட்டுப் பட்டாலும் எங்களிடம் சொல்லுங்கள்” என்பது அரை நிமிடப் பேச்சு. தோட்ட டிஸ்பென்சரியில் பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வரும் பெண்ணிடம் அதே கேள்வியைத் தோட்ட வைத்திய உதவியாளர் ஒரு பெண் ஊழியரைக் கொண்டு கேட்கலாம். சீனியும் அழுத்தமும் பார்க்கும் சுகவாழ்வு மையங்களில் எடையும் உயரமும் எழுதும் தாளின் ஓரத்தில் இந்த ஒரு வரியையும் சேர்க்கலாம். உயிர்காக்கும் பலன் தரும் கேள்விகளில் இதைவிட மலிவானது எனக்குத் தெரியவில்லை.

நான்காவது மறுப்பை அடிக்கடி கேட்கிறோம்: பெண்கள் தாங்களாக வந்து சொல்வதில்லை, கடைசி நிமிடத்தில் வருகிறார்கள், நாம் என்ன செய்வது? அவர்கள் ஏன் சொல்வதில்லை என்று பார்த்தால் குறை அவர்களிடம் இல்லை என்பது விளங்கும். நின்றுபோன தீட்டு திரும்ப வந்தால், உடம்புச் சூடு என்று கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கவே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு. தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவராக இருந்தால், கண்டிக்குப் போய்வர ஒரு நாள் பேர் போய்விடும். அந்த நாளின் கூலியும் பஸ் கட்டணமும் சேர்ந்தால் வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல. கலஹா, ரங்கலை, புசல்லாவைப் பகுதிகளின் மேல் பிரிவுகளில் இருந்து விடியற்காலை பஸ்ஸைத் தவறவிட்டால் கிளினிக் நம்பர் கிடைக்காது. போய்ச் சேர்ந்தபின் மொழி ஒரு தடை. சிங்களத்தில் கேட்கும் கேள்விக்குத் துணைக்கு வந்த மகனோ பேரனோ மொழிபெயர்க்க வேண்டியிருந்தால், எந்தத் தாய் இதைச் சொல்வாள்? ஆகவே தனிமையில், அவளுடைய மொழியில், ஒரு பெண்ணின் வாயால் நாமாகக் கேட்டாலன்றி இந்த விடயம் வெளியே வராது.

ஐந்தாவதாக, அனுப்பினாலும் வைத்தியசாலையில் நெரிசல், ஸ்கேனுக்குத் தவணை, முடிவுக்குக் காத்திருப்பு என்பார்கள். அதனால்தான் உங்கள் கடிதத்தின் வாசகம் முக்கியமாகிறது. ‘வயிற்று வலி, பலவீனம்’ என்று எழுதிய துண்டு வரிசையின் கடைசியில் நிற்கும். ‘மாதவிடாய் நின்று எட்டு வருடத்துக்குப் பின் இரத்தக் கசிவு, இரண்டாம் முறை, தமொக்சிஃபென் எடுத்தவர்’ என்று எழுதினால், அதை வாசிக்கும் வைத்தியர் அவளை முன்னே இழுப்பார். கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனிய வைத்தியசாலைகளின் பெண்நோயியல் கிளினிக்குகளுக்கு அனுப்பினாலும் இதே வாசகம் வேண்டும். அங்கே நடப்பது என்ன என்று அவளுக்குச் சொல்லி அனுப்புவதும் நல்லது. பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்தி, அதன் நடுக்கம்பியை இழுத்தால், உறிஞ்சப்படும் சிறு திசுத் துண்டுகள் குழாய்க்குள் ஏறும். மயக்கமருந்து இல்லாமல் சில நிமிடத்தில் முடியும், மாதவிடாய் வலிபோல் ஒரு பிடிப்பு இருக்கும், அவ்வளவுதான். அந்தத் துண்டுகள் போர்மலின் ஊற்றிய சிறு போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போகின்றன. நோயியல் நிபுணர் பி53 சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, பழுதடைந்த கட்டியில் அநேகமாக எல்லாச் செல்களின் கருவும் கரும்பழுப்பாகத் தெரியும், அல்லது ஒன்றிலும் நிறமே ஏறாமல் வெளிறி நிற்கும். பழுதற்ற திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இளம்பழுப்பு. அந்த வேறுபாடே எந்த அறுவை, எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. 2023இல் பன்னாட்டு மகப்பேற்று, பெண்நோயியல் சம்மேளனம் நோயின் கட்டங்களை வகுக்கும்போதே திசு வகையையும் இந்த மரபணு விவரத்தையும் சேர்த்துக்கொண்டது. எனவே ‘கருப்பைப் புற்றுநோய்’ என்ற பொதுப் பெயரோடு நோயறிக்கை நின்றுவிடாமல் வகையின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்று உங்கள் சுகாதார வைத்திய அதிகாரிகள் வழியாக நீங்களும் கேளுங்கள். அந்தப் பெண்ணின் சிகிச்சைக்கும் அது வேண்டும். நாட்டில் இந்த வகை எவ்வளவு என்று எண்ணிச் சொல்லவும் அதுவே வேண்டும்.

அனுப்பியதோடு கடமை முடிவதில்லை. கர்ப்பிணி கிளினிக்குக்கு வராவிட்டால் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறீர்களே, அதே உரிமையோடு இவளையும் தொடருங்கள். போனாளா, திசு எடுத்தார்களா, முடிவு கைக்கு வந்ததா, அதை யாராவது அவளுக்கு விளக்கினார்களா என்று நான்கு கேள்விகள். முடிவு வந்தும் யாரும் சொல்லாமல் கோவையிலேயே கிடந்தால், பரிசோதனை செய்ததும் செய்யாததும் ஒன்றுதான். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ கண்டியின் புற்றுநோய்ப் பிரிவுக்கோ போகச் சொன்னால், அந்தப் பெயரைக் கேட்டே பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இலவசச் சிகிச்சை இருந்தும் பயணச் செலவும் தங்குமிடமும் துணைக்கு ஆளும் இல்லாமல் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கிராமத்து மரண உதவிச் சங்கங்களும் கைகொடுக்கக்கூடிய இடம் இது. கேட்பவர் இருந்தால் கொடுப்பவர் கிடைப்பார்கள். அப்படிக் கேட்கும் தகுதியும் நம்பிக்கையும் ஊரில் உங்களுக்கு உண்டு.

ஓர் அரிய நோய்க்காக இவ்வளவு தூரம் பேச வேண்டுமா என்ற எண்ணம் இன்னும் எஞ்சியிருக்கலாம். இந்த ஒரு கேள்வி அரிய வகையை மட்டும் பிடிப்பதில்லை. எளிதில் குணமாகும் சாதாரண வகையையும், தவறவிடப்பட்ட கருப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் அதே வழியில் வெளிக்கொண்டுவரும். ஆனால் அரிய வகையை முன்வைத்து வாதாடுவதற்குக் காரணம் உண்டு. மெல்ல வளரும் நோய் நம் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது, இது மன்னிப்பதில்லை. தாமதத்தை மன்னிக்காத நோயை அளவுகோலாக வைத்து நம் பணியை அமைத்துக்கொண்டால், மற்றவை தாமாகவே அதற்குள் அடங்கிவிடும்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். உங்கள் பிரிவில் மாதவிடாய் நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களில் தமொக்சிஃபென் எடுத்தவர்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறையாவது கேளுங்கள், வருடம் தவறாமல் கேளுங்கள். பிள்ளை பெறும் காலத்தில் ஒரு தாயை இழக்கக் கூடாது என்று நூறு வருடமாக உறுதியோடு நின்றவர்களின் வழிவந்தவர்கள் நீங்கள். பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கியபின் அவளை இழப்பதும் அதே அளவு ஏற்க முடியாதது என்று நீங்கள் முடிவு செய்தால், கண்டியில் இந்த நோயின் கணக்கு மாறும்.

அன்புடனும் மதிப்புடனும்,
கண்டியிலிருந்து உங்கள் பணியை மதிக்கும் ஒருவர்